நான் குடிபோகாத வீடு

மே 17, சனி

மழை வரும் போலிருந்தது, வரவில்லை. மத்தியானத்துக்குள் புது வீட்டின் மரச்சட்டங்கள் நான்கு பக்கமும் எழுந்து நின்றுவிட்டன. எங்கள் வீட்டையொட்டிய புல்வெளி முழுக்கப் பச்சை ஓக் மரத்தின் புளித்த வாசம்.

மரச்சட்ட வீடு கட்டுவதையே தொழிலாகக் கொண்ட டெல் ஃபோன்டேன் கீழே நின்று குரல் கொடுக்க, அக்கம்பக்கத்தார் நீளக் கழிகளால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு உத்தரத்தின் நாக்கும் அதனதன் துளைக்குள் போய் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரன் ராயல், மரமுளைகளை அடித்து இறுக்கினான். அந்த முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அது அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

முந்நூற்றைம்பது வருஷம் முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஒருவன் இந்தக் கரையில் எப்படிக் கட்டியிருப்பானோ, அப்படியே வர வேண்டுமாம். அவனுக்குத் தெரியாத எதுவும் உள்ளே இருக்கக்கூடாதாம். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் மீன்பிடிக்கப் போகிறார்கள். என் ஆள் மட்டும் பின்னோக்கிப் போகிறான்.

“சட்டத்துல ஒரே ஒரு இரும்பு ஆணி அடிச்சேன்னு வைங்க வின், உங்க ஆளு என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாரு” என்றாள் டெல்.

ஜூன் 22

களிமண்ணும் வைக்கோலும் கலந்து காலால் மிதித்தோம். சட்டங்களுக்கு நடுவே அதைத்தான் அப்பிச் சுவராக்க வேண்டும். ராயல் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். தூக்கிவிடப் போய் நானும் விழுந்தேன். இத்தனை வயதில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தது — எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 30

சாமான்கள் சேர்ப்பது என் பொறுப்பு. மரத்தட்டுகள், தகரக்குவளைகள், செதுக்கல் வேலை செய்த ஒரு பெட்டி. கட்டிலுக்குப் பச்சைக் கம்பளியில் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். மெத்தையைக் கட்டில் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுதான் தாங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருக்குமாம். அது ஆண்பிள்ளைக்கு. மற்றவர்களுக்கு முக்காலி. டெல் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கியதும் ராயல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

செப்டம்பர் 14

சாய்சதுரக் கண்ணாடிகளை ஈயப்பட்டியில் கோத்த சன்னல்கள் வந்துவிட்டன. சாயங்கால வெளிச்சம் அதன் வழியாகத் தேன் மாதிரி தரையில் விழுகிறது. அழகுதான். அதை யார் இல்லையென்றார்கள்?

“அக்டோபர்ல குடிபோயிடலாம்” என்றான், பீன்ஸ் சாப்பிட்டபடியே. ‘போயிடலாமா’ என்று அவன் கேட்கவில்லை. விளக்கில்லை, வெந்நீரில்லை, கழிப்பறை தோட்டத்து மூலையில். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு...

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தைத்த திரையெல்லாம் எனக்காக என்று நினைத்துவிட்டானோ?

அக்டோபர் 4

சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக் கணப்பு அடுப்புக்கு முன்னால் நின்றுதான்.

“ராயல், நான் இங்க குடிவர மாட்டேன்.”

விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு நினைக்கவில்லை.

“திரையெல்லாம் நீதானே தைச்ச?”

“உனக்காகத் தைச்சேன். அதுக்காக ஜனவரிப் பனியில தோட்டத்து மூலைக்கு ஓடுவேன்னு அர்த்தமா?”

“அப்ப நான் மட்டும் வந்துடறேன்.”

“வந்துக்கோ.”

இரண்டு பேருமே கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அக்டோபர் 11

போய்விட்டான். தலையணையை எடுத்துக்கொண்டு, புல்வெளிக்கு அந்தப் பக்கம். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். என் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் அவன் வீட்டுப் புகை தெரிகிறது. அவன் வீடு! எழுதும்போதே என்னவோ போலிருக்கிறது.

அக்டோபர் 29

பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். அந்தக் காலத்தவர்களுக்குக் காபி தெரியாது என்று அவனே எனக்குப் பாடம் எடுத்தவன்தான். பிளாஸ்கை மேசைக்கடியில் மறைத்து வைக்கச் சொல்லிவிட்டு இரண்டு குவளை குடித்தான். தாடி விட்டிருக்கிறான். பக்கத்தில் போனால் புகைவாடை. வீட்டுக்கு வா என்று நான் சொல்லவில்லை, இங்கேயே இரு என்று அவனும் சொல்லவில்லை. திரும்பும்போது என் வீட்டு வேலிவரை கைபிடித்துக் கூட்டிவந்தான். காதலித்த நாளில்கூட இப்படிச் செய்ததில்லை.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விருந்தை அந்த வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றான். கணப்புத் தீயில் சுட்ட வான்கோழி ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை. நல்லவேளை, நான் சோளரொட்டியும் பூசணிப் பணியாரமும் என் அடுப்பில் செய்து கொண்டுபோயிருந்தேன்.

ராயலின் அக்கா தெர்ஸா வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டாள். நாங்கள் இரண்டு வீட்டில் இருக்கிற கதையைக் கேட்டு முடித்துவிட்டு, முள்கரண்டி இல்லாததால் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

“டேய் ராயல், இந்தக் கரையில நிக்கிற பழைய வீடுங்களைப் போய்ப் பாரு. பாதிக்குப் பாதி பின்னால கூரையை நீட்டிச் சாய்ப்பு இறக்கியிருக்கும். முதல்ல கட்டினப்ப அது கிடையாது. எந்தெந்தப் பொம்பளை இடம் போதலைன்னு கேட்டாளோ, அவ புருஷன் இறக்கிக் குடுத்தான். நீ என்னடா, அவனுங்களைவிடப் பழைய ஆளா?”

ராயல் எழுந்து போய்த் தீயைக் கிளறினான். தீ நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 16

பனி. புகை வருகிறது. ஆள் நன்றாக இருக்கிறான்.

ஜனவரி 19

காலையில் புகை இல்லை.

காபிகூடப் போடாமல் ஓடினேன். முழங்காலளவு பனியில் ஓட முடியாது, ஆனால் ஓடினேன். கடவுளே, அந்தக் கதவு ஏன் அத்தனை கனம்! உள்ளே கணப்பு சாம்பலாய்க் கிடந்தது. கூப்பிட்டேன். கட்டில் திரையை விலக்கினால் — கோட்டு, குல்லாய், இரண்டு கம்பளி, அதற்கடியில் ராயல். மூக்கு சிவந்து, கண் பளபளத்து. காய்ச்சல். நேற்றிலிருந்து விறகெடுக்க எழுந்திருக்க முடியவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

தீ மூட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றி எறிந்து, நானும் கம்பளிக்குள் புகுந்துகொண்டேன். கயிறு தொய்ந்து கட்டில் தொட்டிலாகியிருந்தது. இரண்டு பேரும் உருண்டு நடுவில் போய் முட்டிக்கொண்டோம். அவன் சிரிக்கப் போய் இருமினான்.

“குளிரைக்கூடத் தாங்கிட்டேன் வின். பக்கத்துல நீ இல்லாம தூக்கம்தான் வரல” என்றான். கொஞ்சம் கழித்து, கூரையைப் பார்த்தபடி: “அழகா முடிச்சிட்டா நீ தானா வந்துடுவேன்னு நினைச்சேன். கேக்கணும்னு தோணவே இல்ல.”

“இப்பக் கேளு.”

“உனக்கு என்ன வேணும்?”

சொன்னேன். சூடு, விளக்கு, வீட்டுக்குள்ளேயே குளியலறை, கால் நீட்டிப் படிக்க ஒரு மூலை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

“சாய்ப்பை வடக்குப் பக்கம்தான் இறக்கணும். அங்கதான் தண்ணி வடியும்” என்றான்.

மத்தியானம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சுச்சளி, மாத்திரை. கார் சூட்டில் வாய் பிளந்து தூங்கினான்.

ஏப்ரல் 11

டெல் வந்து பின்புறம் நூல் பிடித்தாள். முன்பக்கக் கூரையை விட்டுவிட்டு, பின்கூரையை மட்டும் ஆள் உயரத்துக்கு இறக்குகிறார்கள். மறுபடியும் ஓக், மறுபடியும் மரமுளை. சுவருக்குள் மட்டும் குழாயும் கம்பியும் ஓடும். கேட்பவர்களிடமெல்லாம் ராயல் தெர்ஸாவின் வார்த்தையைத் தன் வார்த்தையாகச் சொல்லித் திரிகிறான்.

ஆகஸ்ட் 2

சாய்ப்பு முடிந்து நானும் குடிவந்துவிட்டேன். நாங்கள் குடியிருந்த பழைய வீட்டுச் சாவியைத் தெர்ஸாவிடம் கொடுத்தோம். இனி அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் துணிந்தது ராயல்தான், நானில்லை.

செப்டம்பர் 20

சாய்ப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே காற்று, உள்ளே காலில் கம்பளிச் சாக்ஸ்கூட இல்லை. ராயல் குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரமாகிறது. இந்த வாரத்தில் நாலாவது தடவை. கதவைத் தட்டினேன். தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம்.

“இன்னும் கொஞ்ச நேரம் வின்” என்றான்.

எனக்கு வெந்நீர் மிஞ்சாது. நாளையிலிருந்து நான்தான் முதலில்.