காலனி மாடி வழியாக

மாந்தோப்பில் ரூட்டர் மாட்டும் கம்பத்துக்காகத் திருப்பதியில் வாங்கி வந்த புது ரூட்டரில் இன்று காலை ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருளை, ஏற்றினேன். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்ததும் உன் முகம் முன்னால் வந்து நின்றது. எரிச்சலாக இருந்தது. செத்த பிறகும் என் வேலைக்குக் குறுக்கே வருகிறாய்.

நம் ஊருக்கு எந்த டவரும் ஒழுங்காக எட்டாது. டவுனிலிருந்து நெட்டை வாங்கி, மாடிக்கு மாடி ரூட்டர் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தலாம் என்று நாம் இருவரும்தான் தொடங்கினோம். கம்பெனி ஃபர்ம்வேரை அழித்துவிட்டு ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றியது வரை நமக்குள் தகராறே இல்லை. பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வந்தபோதுதான் உன் சாதி எழுந்து உட்கார்ந்தது. பேட்மேன் என்ற நிரலைப் போடலாம், எந்த மாடி வழியாகப் போவது என்று ரூட்டர்களே பார்த்துக்கொள்ளும் என்றேன். நீ பேபல் என்ற இன்னொரு நிரல்தான் வேண்டும் என்று நின்றாய். அதில் யார் வழியாகப் போகக் கூடாது என்று கையால் எழுதி வைக்கலாம். காலனி ரூட்டர்கள் நெட்டை வாங்கிக்கொள்ளலாம், ஊர்த்தெருவுக்குக் கடத்தக் கூடாது என்று எழுதி வைத்தாய்.

"காலனி பக்கம் சிக்னல் வீக்கா கீதுடா" என்றாய். காலனியில், என் வீட்டு மாடியில் நின்றுகொண்டே சொன்னாய். ஊரிலேயே நல்ல சிக்னல் அங்கேதான். அளந்து போனில் காட்டினேன். நீ குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"எங்க நைனா ஒத்துக்கமாட்டாருடா. நீ ஏன் இத்தப் பெருசு பண்ணிக்கினு கீற?"

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நீ. அன்றைக்குத்தான் உன்னை வெறுக்க ஆரம்பித்தேன்.

நீ மாரடைப்பில் போன அன்று காற்றும் மழையுமாக இருந்தது. ஊர்த்தெருவுக்கு நெட் கொண்டுவரும் மாந்தோப்புக் கம்பம் சாய்ந்து ஊர்த்தெரு முழுக்க நெட் நின்றுபோனது. டவுனிலிருந்து நேராக என் மாடிக்கு வந்ததால் காலனியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் உன் மகளால் உடனே கிளம்பி வர முடியவில்லை. உன் மனைவி நனைந்தபடி என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணா, எடுக்கறதுக்கு முன்னாடி பாப்பா ஒரு வாட்டி மூஞ்ச பாக்கணும்ங்குது. எதனா பண்ணுங்க."

உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். அதுவரை நான் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பில் உன் ரூட்டரைத் திறந்து, நீ எழுதி வைத்த அந்த வரியை அழித்தேன். வீடியோ காலில் உன் முகம் என் மாடி வழியாக உன் மகளிடம் போய்ச் சேர்ந்தது. "நைனா, நைனா" என்று அவள் கூப்பிட்டதும் அதே வழியாகத்தான் வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வேல முடிஞ்சிடுச்சில்ல. அத்தப் பழையபடி போட்டுட்டுப் போ."

போடவில்லை. இப்போது ஒவ்வொரு மாடியாக ஏறி எல்லா ரூட்டரிலும் பேட்மேன் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் அழுதபோது நானும் அழுதேன், அவளுக்காக. உன்மேல் இருக்கும் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த வரியை நீ உயிரோடு இருந்து உன் கையால் அழித்திருக்க வேண்டும். என்னை உன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழிக்க வைத்தாயே, அதற்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன்.