நான்காம் நாள் வகுப்பு

பாக்கியத்துக்கு,

உன் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேச வாய் வரவில்லை. அதனால்தான் உன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செவலை நேற்று விடியலில் கிடாரிக் கன்று போட்டது. கன்று நன்றாக இருக்கிறது. நாம் வாங்கிய பிறகு முதல் ஈத்து என்று தெருவுக்கெல்லாம் சீம்பால் கொடுத்தேன். எதிர்வீட்டு அஞ்சலாட்சி அக்கா, "என்னா மில்லுக்காரரே, எங்க வூட்டுக்கு மட்டும் கெடயாதா?" என்று கேட்டார். திரும்பப் போய் மடி வற்றும்வரை கறந்தேன்.

இன்று காலை செவலை எழவில்லை. காதெல்லாம் சில்லிட்டிருந்தது. டாக்டர் கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். சுவரில் இருந்த மாடு வளர்ப்புப் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தார்.

"மொத நாளே மடிய காலி பண்ணிட்டீங்க. கால்சியம் எறங்கிடுச்சி. ட்ரெய்னிங்ல சொல்லலியா?"

"சொல்லல சார்" என்றேன்.

பயிற்சிப் புத்தகத்தை இப்போதுதான் புரட்டினேன். சொல்லியிருக்கிறார்கள், நான்காம் நாள். அன்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு சேதராப்பட்டு கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டேன். உன்னிடம் வகுப்பில் இருந்ததாகச் சொன்னேன். பயிற்சிக்கு நீ போவதாகச் சொன்னபோது, "மில்லுல மெஷின் ஓட்டனவனுக்கு மாடு பாக்கத் தெரியாதா?" என்று வாயை அடைத்ததும் நான்தான்.

இரண்டாவது பாட்டில் ஏற்றியும் எழவில்லை. வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறேன். நாளைக்குள் எழுந்தால்தான் பிழைக்குமாம். நான் கூப்பிட்டும் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

உடனே கிளம்பி வா. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் வந்து அதைக் கூப்பிடு.

உன் வீட்டுக்காரன்