கால் படாத வாசல்

ஜூலை 6, 2025. ஞாயிறு

பேத்தி லோஷினிக்குப் பேசி வச்சிருக்கிற மாப்பிள்ளை யுகேந்திரன் இன்னைக்கும் சைக்கிள்ல வந்து நின்னான். மாசாயிலிருந்து சைக்கிளைக் கார்ல ஏத்திக்கிட்டு வந்து, எங்க ஊரு பத்து பாகாட்டுல இறக்கி, கடலோரமா பெனுட் வரைக்கும் மிதிச்சுட்டுத் திரும்புவானாம். போக வர நூறு கிலோமீட்டர் பக்கம். அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டேன். "யாரும் இல்ல பாட்டி, சும்மாதான்." பாசிர் கூடாங் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பார்த்துட்டு, லீவு நாள்ல சும்மா நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவனுக்குத்தான் பொண்ணு குடுக்கிறோம். குடுக்கட்டும்.

உடுப்பு வேற. ஒட்டிப்போன சட்டை, ஒட்டிப்போன சிலுவார், உட்காருற இடத்துல பஞ்சு. சப்பாத்துக்கு அடியில ஒரு கொக்கி. அதைப் பெடல்ல மாட்டிக்கிட்டா கால் லேசில கழண்டு வராதாம்.

எங்க கேட்டை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, சீட்டுல உட்கார்ந்தபடியே லோஷினிகிட்ட முக்கால் மணி நேரம் பேசினான். இறங்குப்பா, தேத்தண்ணி குடின்னேன். இறங்கினா மறுபடி மாட்டணுமாம். அவ்வளவு நேரமும் அவன் கால் எங்க வாசல்ல படவே இல்ல.

இதை எதுக்கு எழுதுறேன்? தெரியல. மனசுல நின்னுச்சு.

ஜூலை 8

மகன் மகேஸ்வரன் அழைக்க வேண்டியவங்க பேரை வாசிச்சான். ஆகஸ்ட் 31 கல்யாணம். எல்லாப் பேரும் வாசிச்சு முடிச்சுட்டுத் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, சித்தி."

எந்தச் சித்தின்னேன். இருக்கிறது ஒருத்திதான். என் கூடப் பொறந்த புஷ்பவள்ளி. ரெங்கிட்டுல இருக்கா. எங்க வீட்டு வழியில இப்ப உசுரோட இருக்கிறது நாங்க ரெண்டு பேருதான்.

"ஃபோன் பண்ணேன். அக்கா நேர்ல வந்து தட்டு வச்சு அழைச்சா வருவேன், இல்லாட்டி வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

வரவேணாம்னு சொல்லுன்னு எழுந்து வந்துட்டேன்.

யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. 1999, ஜூன் 14, திங்கக்கிழமை. அமாவாசைக்கு மறுநாள். அமாவாசைக்கு வச்ச பூசணிக்கா சாம்பார் மிச்சம் இருந்துச்சு, அதைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்ப நாங்க செங்காராங் பக்கத்துத் தோட்டத்துல இருந்தோம். ரொட்டிக்காரன் மோட்டார்ல ஹார்ன் அடிச்சுக்கிட்டு வந்தான். ரெண்டு பன்னும் ஒரு பத்திரிகையும் குடுத்தான். புஷ்பத்தோட மூத்த மக கல்யாணப் பத்திரிகை! கூடப் பொறந்த அக்காவுக்கு! வெத்தலை இல்ல, குங்குமம் இல்ல. பன்னோட சேர்த்து.

மறுநாளே பஸ் ஏறி அவ வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியவே நின்னு, "செத்தாலும் உன் வாசல்ல என் கால் படாது"ன்னு சொன்னேன். அவ சும்மா இருந்தாளா? "நானும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு திரும்பி நின்னுக்கிட்டா. அவ போட்டிருந்தது பச்சை ரவிக்கை. கையில ஒட்டு போட்டது.

அதோட சரி.

ஜூலை 9

ரெண்டு பன்னு. ஒண்ணுக்குள்ள தேங்கா, ஒண்ணுக்குள்ள கயா ஜாம். நான் தின்னலை.

ஜூலை 13, ஞாயிறு

யுகேந்திரன் வந்தான். அவனைத் தனியா கூப்பிட்டு, ரெங்கிட் வரைக்கும் என் சைக்கிள்ல போக முடியுமான்னு கேட்டேன். சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கலை. குனிஞ்சு என் சைக்கிளைப் பார்த்தான். பாசாருக்கு மீன் வாங்கப் போற சைக்கிள், கூடை வச்சது.

"இருபத்தெட்டு கிலோமீட்டர் பாட்டி. ரோடு முழுக்க மட்டம்தான், ஏத்தமே கிடையாது. காத்துதான் எதிரி. நான் முன்னால போறேன், நீங்க என் பின்னாலயே ஒட்டி வந்தா காத்து உங்கமேல படாது."

எழுபத்தொரு வயசுல ஒரு பையனோட பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே இருபத்தெட்டு கிலோமீட்டர்! என் தலையெழுத்து.

சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு, ஏத்தினா முட்டி வலிக்காதுன்னான். ஆனா ஏத்தினா உட்கார்ந்த இடத்துலேர்ந்து கால் தரைக்கு எட்டாதாம், பரவாயில்லையான்னு கேட்டான்.

எட்டாம இருக்கிறதுதான் வேணும்னேன்.

ஜூலை 14

லோஷினி கண்டுபிடிச்சுட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

"ஏன் பாட்டி, செருப்பு போட்டுக்கிட்டு நடந்தா கால் படாதே?"

"செருப்பும் கால்தான்டி."

"அப்போ அப்பா கார்ல போய், உள்ள இருந்தபடியே குடுங்க."

கண்ணாடியை இறக்கிப் பத்திரிகையை நீட்டணுமாம். டோல்ல கார்டு நீட்டுற மாதிரி. அதுக்கு ரொட்டிக்காரனே தேவலாம். சைக்கிள்ல போனா வேர்வை சிந்திப் போன மாதிரி இருக்கும். அவளுக்கும் குத்தும்ல.

மருமக ஷாமளா மட்டும், "ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்தாத்தான் என்ன அத்தே"ன்னா. அவ பத்து வருஷமா என் ரசத்தைக் குறை சொல்றவ. அவ பேச்சை எடுத்துக்கிறது இல்ல.

ஜூலை 20

செங்காராங்குக்குப் பாதி வழி வரைக்கும் போயிட்டு வந்தோம். எழுத முடியல. உட்காரவும் முடியல.

ஜூலை 22

பஞ்சு எதுக்குன்னு இப்பப் புரியுது. லோஷினி அந்தப் பஞ்சு வச்ச சிலுவார் ஒண்ணு வாங்கித் தந்தா. சேலைக்கு உள்ள போட்டுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செங்காராங் தாண்டிட்டோம். பெரிய ரோட்டுல லோரி ஜாஸ்தி, அதனால கடல் பக்கம் கரை ரோட்டுல போனோம். ஒரு பக்கம் தென்னை, செம்பனை. இன்னொரு பக்கம் சேத்துக் காடு, நடுநடுவே படகு கட்டிக்கிடக்கிற சின்னச் சின்ன ஆத்து வாய். கொக்கு எல்லாம் ஒத்தக் கால்ல நிக்குது. அதுங்களுக்கும் யார்மேலயோ கோபம் போல.

கடல் தண்ணியைத் தடுக்கிற தண்ணிக் கதவு ஒண்ணு இருக்கிற இடத்துல ரோடே காணோம். கடல் தண்ணி ஏறி நிக்குது. அதுக்கு அந்தப் பக்கம்தான் ரெங்கிட். யுகேந்திரன் ஃபோனைப் பார்த்தான்.

"நேத்து பௌர்ணமி பாட்டி. பௌர்ணமி, அமாவாசை முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள் இங்க தண்ணி ஏறும். இந்த இடம் பள்ளம். ரொம்ப காலமாவே இப்படித்தானாம்."

எனக்கே பாடம் எடுக்கிறான். திரும்பி வந்துட்டோம்.

ஆகஸ்ட் 11

1999, ஜூன் 14. அமாவாசைக்கு மறுநாள்.

சரி. அதனால என்ன?

ஆகஸ்ட் 12

அவளுக்கும் லோரின்னா பயம். அவளும் கரை ரோட்டுலதான் சைக்கிள் விடுவா, சின்ன வயசிலேர்ந்து.

இல்ல, இல்ல. தண்ணி இருந்தா மறுநாள் வரலாமே. வாய் இருக்கு, சொல்லலாமே?

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துருச்சு. இன்னைக்குப் போறதா இருந்துச்சு. விடியக்காலையிலேர்ந்து மழை. மகேஸ்வரன், "கார்ல போலாமேம்மா"ன்னு ஆரம்பிச்சான். பார்த்தேன் ஒரு பார்வை. நிறுத்திட்டான்.

இனி அடுத்த ஞாயிறுதான். அதை விட்டா கல்யாணம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இப்பவே எழுதிடுறேன். ஒண்ணு விடாம எழுதணும், பின்னாடி அவ மாத்திச் சொல்லுவா.

காலையில ஆறரைக்குக் கிளம்பினோம். தாம்பாளம், வெத்தலை பாக்கு, குங்குமம், மஞ்சள், பத்திரிகை எல்லாத்தையும் துண்டுல சுத்திக் கூடையில கட்டினேன். யுகேந்திரன் முன்னால, நான் பின்னால. செங்காராங்குல ஒரு மலாய்க்காரப் பொம்பள கருவாடு காயப் போட்டுக்கிட்டே "மாக் சிக், எங்க போட்டி?"ன்னு மலாய்ல கேட்டா. போட்டிதான்னு சொல்லிட்டேன்.

தண்ணிக் கதவுகிட்ட மறுபடியும் தண்ணி. நேத்து அமாவாசை! நான் நாள் பார்த்தப்ப இது தோணலை பாரு. யுகேந்திரன், "அலமாக்"னு தலையில கை வச்சான். திரும்பிடலாமான்னு கேட்டான்.

தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் நின்னேன். வெயில் ஏறுது. தண்ணி இறங்கின மாதிரியும் இருக்கு, இறங்காத மாதிரியும் இருக்கு. இங்கேர்ந்து யாராவது அந்தப் பக்கம் போனா பத்திரிகையை அவங்ககிட்டயே குடுத்தனுப்பிடலாமான்னு எனக்கே தோணுச்சு. தோணினதும் ரொட்டிக்காரன் ஹார்ன் காதுல கேட்டுச்சு.

கொஞ்சம் வடிஞ்சதும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இறங்கித் தள்ளினேன். முழங்காலுக்குத் தண்ணி. அது அரசாங்க ரோடு, அவ வாசல் இல்ல. கால் படலாம்.

அவ வீட்டுக்குப் பத்து வீடு முன்னாடியே ஏறி உட்கார்ந்துட்டேன். கேட்டு திறந்து கிடந்துச்சு. முன் சக்கரம் உள்ள போற வரைக்கும் ஓட்டி, கேட்டைக் கப்புன்னு பிடிச்சேன். கால் ரெண்டும் பெடல்ல. யுகேந்திரனும் பக்கத்துல வந்து கேட்டைப் பிடிச்சுக்கிட்டான், அவனும் இறங்கலை.

புஷ்பம் உள்ள நின்னா. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. மகேஸ்வரன் ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கான். தலை முழுக்க வெள்ளை. அந்த முதுகு எங்க அம்மா முதுகு.

"யாரு?" தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறா.

"பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கேன். திரும்பு."

"மாட்டேன். சொன்னா சொன்னதுதான். நீ இறங்கு."

"மாட்டேன்."

அவ கையை மட்டும் பின்னால நீட்டினா, போலீஸ் விலங்கு மாட்டுறதுக்கு நீட்டுற மாதிரி. நான் ஒரு கையால தாம்பாளத்தை எடுக்கப் பார்க்கிறேன், முடிச்சு அவிழலை. யுகேந்திரன் சிரிப்பை அடக்குற சத்தம் எனக்குக் கேக்குது.

"வழியில தண்ணி இருந்துச்சா?"ன்னா.

"முழங்கால் வரைக்கும்."

"அன்னைக்கு இடுப்பு வரைக்கும்."

அப்பத்தான் முடிச்சு அவிழ்ந்து தாம்பாளம் என் கைக்கு வந்துச்சு.

"தாம்பாளம், வெத்தலை, உனக்கு ஒரு சேலை, எல்லாம் கேரியர்ல கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஒரு மணி நேரம் நின்னேன். ரொட்டிக்காரன் மோட்டாரை அணைச்சுத் தள்ளிக்கிட்டுப் போனான். பத்திரிகையையாவது முதல்ல குடுத்துடுப்பா, நான் நாளைக்கு வரேன்னு சொல்லுன்னேன்."

"அவன் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"மறுநாள் நான் கிளம்புறதுக்குள்ள நீ வந்து நின்னுட்ட. கத்தின. பஸ் ஏறிட்ட. என்னைப் பேச எங்க விட்ட?"

"அப்போ அந்தப் பன்னு?"

"எந்தப் பன்னு?"

ரெண்டு பன்னு. இருபத்தாறு வருஷம். அந்தப் பாவிப்பய தானா குடுத்திருக்கான்.

அந்த நேரம் பார்த்து வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சுக்கிச்சு. கேட்டு கையை விட்டு நழுவுது, சைக்கிள் சாயுது. "ஐயோ"ன்னேன். தாம்பாளம் டமார்னு விழுந்துச்சு. என்னைப் பிடிக்கிறேன்னு யுகேந்திரன் கேட்டை விட்டான். அவன் கால்தான் பெடல்ல மாட்டியிருக்கே! அவனும் சைக்கிளோட அப்படியே மூட்டை மாதிரி சாய்ஞ்சான்.

நான் விழலை. கால் ஊனிட்டேன். அவ வாசல்ல.

நிமிர்ந்தா புஷ்பம் என் ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நேருக்கு நேர். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்கு. முன்பல்லு ஒண்ணு இல்ல. எப்ப விழுந்துச்சோ, எனக்கு யாரும் சொல்லலை.

"கால் பட்டுருச்சுக்கா"ன்னா.

"நீ முதல்ல திரும்பின. அதுக்கப்புறம்தான் கால் பட்டுச்சு."

"இல்ல, கால்தான் முதல்ல."

"தம்பி, நீ சொல்லுப்பா. யாரு முதல்ல?"

யுகேந்திரன் தரையில கிடந்தபடியே, "நான் வானத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் பாட்டி"ன்னான். புத்திசாலிப் பையன். பேத்தியைத் தாராளமா குடுக்கலாம்.

குங்குமம் எல்லாம் வாசல்ல கொட்டிப் போச்சு. அவ அதுலேர்ந்தே ஒரு சிட்டிகை எடுத்து வச்சுக்கிட்டா.

திரும்பி வரும்போது மகேஸ்வரன் கார் கொண்டு வந்தான். ஏறினேன். இதுக்கு யாரும் சிரிக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 31

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. புஷ்பம் அந்த 1999 சேலையைக் கொண்டு வந்து குடுத்தா. மடிப்புல எல்லாம் பூச்சி உருண்டை வாசம். கத்தரிக்கா கலர். எனக்கு அந்தக் கலர் பிடிக்காதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். கட்டிக்கிட்டேன்.

பந்தியில ரசத்துல புளி ஜாஸ்தின்னு சொன்னா. ஷாமளா பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினா. ரெண்டையும் குறிச்சு வச்சிருக்கேன்.

செப்டம்பர் 13

லோஷினியும் யுகேந்திரனும் மாசாயிலிருந்து வந்திருக்காங்க. புஷ்பம் ஃபோன் பண்ணா. நாளைக்கு உளுந்து வடை சுடப் போறாளாம், வரியான்னா. அவ வடையில உப்பு தூக்கலா இருக்கும். தண்ணி ஏறாத நாள்தானான்னு யுகேந்திரனைப் பார்க்கச் சொன்னேன்.

அப்படியே சீட்டை இறக்கிடச் சொன்னேன். இறக்கினா முட்டி வலிக்கும் பாட்டின்னான்.

வலிக்கட்டும். கால் நல்லாத் தரையில ஊனணும்.