பேனலுக்கு வைத்த பொட்டு

மச்சான்,

இன்று காலை மேற்குத் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது ஈரச் சந்தன வாசனை மூக்கில் ஏறியது. ஆயுத பூஜை. வண்டிகளைக் கழுவி, முன்விளக்குவரை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அது பண்டிகை வாசனை. எனக்கு அப்படியில்லை. படப்பை போகிற பஸ்ஸை இரண்டு தடவை வேண்டுமென்றே விட்டேன். மூன்றாவதில் ஏறி, இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

ஏன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீ போனபின், இன்று காலைவரை, எனக்கு மட்டும்.

அந்த வருஷமும் இதே பூஜைதான். படப்பைத் தொழிற்சாலைக் கூரையில் சோலார் பேனல் கழுவுகிற வேலைக்கு நாம் சேர்ந்து ஆறு மாதம். கீழே மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தபின் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. நமக்குச் சோறு போடுகிறது இந்தக் கண்ணாடிதானே என்று கிண்ணத்தோடு ஏணியில் ஏறினேன்.

"இன்னா மச்சான், கண்ணாடிக்கு நெத்தி எங்க கீதுன்னு பொட்டு வெக்கப் போற?" என்றாய்.

"உனக்கு மட்டும் நெத்தி எங்க முடியுதுன்னு தெரியுதா? பின்கழுத்து வரிக்கும் போவுது."

பன்னிரண்டு பேனலுக்கும் மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம். நீ சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாய்.

லீவு முடிந்து வந்தால் சந்தனம் வெயிலில் ஓடாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று இன்ஜினியர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். நீ தண்ணீர் திறக்கக் கீழே போயிருந்தாய். நான் கேன்டீனில் அண்டா தேய்க்கிற கம்பி நாரையும் சோடா உப்பையும் கொண்டுவந்து தேய்த்தேன். பளபளவென்று வந்தது, மச்சான். என் முகமே தெரிந்தது. மீசையைக்கூட முறுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

மேடம் கூரைக்கு ஏறி வந்தார். நேராகப் பார்க்கவில்லை. கண்ணாடியோடு கன்னம் ஒட்டுகிற மாதிரி சாய்ந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அண்ணா, இது மேல ஒரு கோட்டிங் இருந்துச்சு. ஒரு தலைமுடிய நூத்துக்கணக்கா பிளந்தா ஒண்ணு எவ்ளோ இருக்கும், அவ்ளோதான் கனம். அதுல கண்ணுக்கே தெரியாத ஓட்டைங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பாம உள்ள போறதுக்குத்தான் அது. நல்ல பேனல் கருப்பா, டல்லாதான் தெரியணும். மினுக்குதுன்னா வெளிச்சம் வீணா போகுது."

பதற்றத்தில் என் வாய் சும்மா இருக்குமா? "ஓட்டை கீறதுதான் ஒசத்தியா மேடம்? அப்ப எங்க வூட்டுக் கூரை ஃபாரின் சாமானு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"யார் தேய்ச்சது?"

சொல்லாமல் லீவு போட்டதற்கு எனக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. இன்னொன்று என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் மேலே வந்திருந்த நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் மேடம்" என்றாய்.

அன்றே உன்னை நிறுத்தினார்கள். ஏணியில் இறங்கும்போது, "நான் எங்கினாச்சும் பூந்துக்குவேன். இந்த வாய வெச்சிக்கினு உன்ன எவன் சேப்பான்?" என்றாய். நாளைக்கு மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாவலூர் அடுக்குமாடியில் உனக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்ததும், இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். போன தை மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது.

இப்போது உன் வீட்டுக்காரி நம் வேலையைக் கேட்கிறாள். உன் பெயரைப் பார்த்ததும் மேடம், "அவர் வீட்டு ஆளா? யோசிச்சுச் சொல்றேன்" என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். முந்தாநாள் அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, மெய்யாலுமே அவருதான் தேச்சாரா? வூட்ல ஒரு டம்ளரக்கூட அழுத்தித் தேய்க்க மாட்டாரே." "டீ ஆறுது பாரு" என்றேன்.

இன்று பூஜை முடிந்ததும் மேடத்தைக் கூரைக்குக் கூப்பிட்டேன். "மேடம், இத தேச்சது அவன் இல்ல, நானு. அவன் அப்ப கீழ இருந்தான்."

"இத்தனை வருஷமாவா அண்ணா?" என்றார். பிறகு, "அவர் வீட்டம்மாவ திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

"நானு மேடம்?"

"நீங்களும் வாங்க. பேசணும்."

என்ன பேச வேண்டுமாம்? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு. ஆனால் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்த பயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. முழுதும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சுவரில் இருக்கிற உன் படத்தைப் பார்த்து, "எங்கிட்டகூட நீ சொல்லல பாரு. வேலைய ஒழுங்கா பாக்கத் தெரியாதான்னு உன்ன எத்தினி நாள் ஏசிக்கீறேன்" என்றாள்.

உன் பெயரைக் கழுவத்தான் போனேன், மச்சான். அவளுக்கு உன்மேல் ஒரு கோபத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைத் தீர்க்க உன்னால் வர முடியாது. திங்கட்கிழமை எனக்கு வேலை இருந்தாலும் போனாலும், நீ ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கிறபோதெல்லாம் உனக்காகப் பதில் சொல்ல நான் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.