வாப்பா விழுங்கும் தேயிலை

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அஷ்பாக்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி அம்ராவும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். சீனாவின் அந்தக் குளிரில் ரப்பு உங்களையும் சுகமாக வைத்திருக்க வேண்டும். வாப்பாவும் சுகம் என்றுதான் அடுத்த வரியை எழுத வேண்டும். எழுத வரவில்லை.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுக்கும்போதெல்லாம் அவர் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், நான் பக்கத்திலிருந்து சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பதோடு சரி. ஒரு நாள் அம்ராவின் ஃபோனிலிருந்து எடுத்தேன். பரீட்சை உம்மா, பிறகு கதைக்கிறன் என்றீர்கள். அதில் பிழை இல்லை, இது அவசரத்தில் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. உங்கள் கூட்டாளி நிப்றாஸ் லீவு முடிந்து திங்கட்கிழமை உங்கள் பக்கம் வருகிறான். கடிதத்தை அவனிடம் கொடுக்கிறேன், இன்றைக்கே படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிடுவான். ஒரு இடத்தில் இருந்து வாசியுங்கள்.

அவன் லீவுக்கு வரும்போது கொடுத்துவிட்டீர்களே, அந்தப் பச்சைத் தகரப் பேணி. திறந்தால் மிளகளவு உருண்டைகள், கரும்பச்சை, கொஞ்சம் மினுக்கம். பேணி முழுக்கச் சீன எழுத்து. வாப்பா உங்களுக்கு ஃபோன் எடுத்து இது என்னத்துக்கு மகன் என்று கேட்டார். "நல்ல சாமான் வாப்பா, நெஞ்சுக்கு நல்லம்" என்றீர்கள், எனக்கும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. டொக்டருக்குப் படிக்கிற மகன். சீனாவிலிருந்து வந்த உருண்டை. நெஞ்சுக்கு நல்லது. அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் நாலு உருண்டையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இரவு இன்னும் நாலு.

போன வருடம் நெஞ்சுவலியோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டொக்டர் என்னையும் நிற்கவைத்துத்தான் சொன்னார். அந்தக் குளிசைகள் இப்போது அலுமாரிக்குள் கிடக்கின்றன. இந்த மாதம் கிளினிக்குக்கும் போகவில்லை. கேட்டால், "ரெண்டு டொக்டர்ட மருந்த ஒண்டாக் குடிக்க ஏலாது புள்ள, ஆராவது ஒராள நம்பணும்" என்கிறார்.

நம்பியது உங்களை. மகன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு, பக்கத்து ஊர்ப் பெயரை வைத்து, "சீனன்குடாவத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகணும்" என்று சொல்லிச் சிரிக்கிறவர் அவர். இப்போது சட்டைப் பையில் கடதாசி மடித்து உருண்டைகளை இறங்குதுறைக்கும் கொண்டுபோகிறார். அங்கே அவரோடு படகு மெசின் திருத்துகிற றம்ஸான் காக்காவுக்கு முழங்கால் வருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறார். ராவு முழுக்கக் கண் மூடவில்லை என்று அவர் வாசலில் வந்து நின்றார். "அது மருந்து உடம்புக்குள்ள நடந்து திரியிது காக்கா" என்றார் வாப்பா. "மருந்து நடந்து என்ன தம்பி, நான் நடக்கணுமே" என்றார் காக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். வாப்பாவும் இரவில் தூங்குவதில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று தானே சொல்லிவிட்டு, அதுதான் வேலை செய்கிற அடையாளம் என்கிறார். போன கிழமை றம்ஸான் காக்கா சீனி வருத்தத்துக்கும் இது கேட்குமா என்று விசாரித்தாராம்.

எனக்குத் தெரியவந்தது குசினியில். பேணியை மூடும்போது ஒரு உருண்டை சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. எடுக்கக் கரண்டி தேடினேன். அதற்குள் அவிழ்ந்துவிட்டது. ஒரு காம்பு, இரண்டு இலை. தண்ணீர் மெல்ல மஞ்சள் பிடித்தது. மணந்தேன். குடித்துப் பார்த்தேன். தேயிலை. நிப்றாஸ் வந்தபோது கேட்டேன். "ஓம் மாமி, அங்க எல்லாரும் குடிக்கிற தேயிலதான், உருட்டிக் காயவைக்கிற" என்று சிரித்தான். வாப்பா அதை விழுங்குகிறார் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். குளிசையைத் தூளாக்கி அவருடைய சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் கலந்தேன். "ஆணம் கசக்குது, என்னத்தப் போட்ட" என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு கழுவுகிற தண்ணீரோடு போகிறது என்று தெரியாமல் இதைச் செய்யக்கூடாது. விட்டுவிட்டேன். புதன்கிழமை இறங்குதுறையால் வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. கேற்றடியில் குந்தியிருந்தார். சட்டை நனைந்திருந்தது, கை நெஞ்சில். மெசினைத் தனியாகத் தூக்கினாராம். அம்ராவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். எழும்பிப் போய் அந்தப் பேணியைத் திறந்தார்.

அதை விழுங்க விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன், மகன். தேயிலை என்று நானே சொல்லலாம். நம்பமாட்டார். நம்பினால் அதைவிடக் கஷ்டம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த மனிசன். தேயிலையைக் குளிசை என்று விழுங்கினதை இறங்குதுறையில் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முதலில் வேறொன்று யோசித்தேன். கிளினிக் குளிசையோடு சேர்த்துக் குடித்தால்தான் இந்த மருந்து வேலை செய்யும் என்று உங்களைச் சொல்லச் சொல்லலாம் என்று. கட்டாயம் கேட்பார். அதை எழுதியும் விட்டேன், கிழித்துப்போட்டேன். வாப்பாவுக்கு நீங்கள் சொல்லும் முதல் வைத்தியம் பொய்யாக இருக்கக்கூடாது. றம்ஸான் காக்காவும் சீனி வருத்தத்துக்கு இதை விழுங்கத் தொடங்கிவிடுவார்.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். இது தேயிலை வாப்பா, சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கிறது, நான் விளங்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று சொல்லுங்கள். உங்கள் பிழையை அவர் அந்த இடத்திலேயே மன்னிப்பார். தன்னுடையதென்றால் மன்னிக்கமாட்டார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், புதன்கிழமை வந்த வருத்தத்தையும் குளிசை விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் சொல்ல வேண்டும். இந்தத் தேயிலையை அந்தக் குளிசையோடு குடிக்கலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதைச் சொல்ல வேண்டாம், கேட்டதைச் சொல்லுங்கள். இனி உங்கள் வாயிலிருந்து நல்லம் என்று ஒரு சொல் வந்தால் அதை ஒருவர் விழுங்குவார். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் ஆசையாகத்தான் அனுப்பினீர்கள்.

பகலில் எடுக்க வேண்டாம், இறங்குதுறையில் எல்லோருக்கும் கேட்கப் போடுவார். இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுங்கள், அம்ரா வகுப்புக்குப் போயிருப்பாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் குசினிக்குள் போய்விடுவேன். கதைத்து முடியும்வரை வெளியே வரமாட்டேன், அவர் முகத்தை நான் பார்க்கத் தேவையில்லை. குடிக்கலாம் என்றால் அந்தத் தேயிலையை இரண்டு கோப்பையில் ஊற்றிச் சீனி போட்டுக் கொண்டுவருவேன். கூடாதென்றால் வெறும் சுடுதண்ணீர். எதுவானாலும் அவர் பக்கத்தில் போய் இருப்பேன்.

அல்லாஹ் உங்கள் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. தொழுகையை விட வேண்டாம், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

அஸருக்குப் பிறகு, மகன்.

உங்கள் உம்மா,
ஜெமீலா அபூதாஹிர்