ஜீப் கூண்டில் வைத்த வளையங்கள்

14.8.1971, சனி

ஜீப்பின் மேலே மூடும் இரும்புத் தகரக் கூண்டைக் கழற்றித் தூக்கவும், லாரியில் ஏற்றினால் கயிறு போட்டுக் கட்டவும் நான்கு மூலையிலும் வளையம் வேண்டும் என்று ஜீப்பின் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் கேட்டிருந்தார். துளை போட்டு, உள்ளே இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கியிருக்க வேண்டும். துளை வழியே மழை ஒழுகினால் திட்டுவாரே என்று, வெறும் தகரத்தின் மேலேயே வெல்டு வைத்துவிட்டேன். மேஸ்திரியாம் நான்.

இன்று அவர் எதிரிலேயே உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்துக் கூண்டைத் தூக்கினோம். ஆள் உயரம் போனதும் ஒரு வளையம் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. கூண்டு விழுந்து நசுங்கியது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை.

"எவன்யா இத்த ஒட்னது?" என்றார் பட்டறை முதலாளி.

நான் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன். கூட வேலை செய்யும் என் மனைவியின் தம்பி தாசன், "நான்தாங்க" என்றான். அவன் அந்த வளையங்களைத் தொடக்கூட இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வராதே என்று முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார். அப்போதும் நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வீடு வரைக்கும் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

ராத்திரி சோறு போட்டுக்கொண்டே மனைவி அவனைத் திட்டினாள். "மாமா எவ்ளோ சொல்லிக் குடுத்துக்கினு கீறாரு. ஒயுங்கா கத்துக்கினா இன்னா? அவரு மானமும் சேந்து போச்சி."

"சரிக்கா" என்றான், தலை நிமிராமல்.

நான் மோர் கேட்டேன்.