முப்பத்தெட்டு கேசட்டும் ஒரு கார்டும்

உன் எச்சில் இன்னும் போகவில்லை. பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. இன்று காலை கிள்ளான் வீட்டுச் சமையல் மேசையில் ஒரு கேசட்டைத் திருப்புளி வைத்துத் திறந்தேன். உள்ளே செம்புப் பற்களின் மேல் களிம்பு. இடது ஓரத்தில்தான் அதிகம். நீ வாயைக் கோணலாக வைத்து ஊதுவாய், அதனால் இடது ஓரம். ஊதாதே, எச்சில் பட்டால் செம்பு கெட்டுப்போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ஊதினாத்தான் மச்சான் ஓடும்" என்பாய். செத்த பிறகும் உன் எச்சிலை என்னைத்தான் துடைக்க வைக்கிறாய்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது உனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அந்த இடங்களை நீயே நிரப்பிக்கொள்.

"கேசட்னா பாட்டு கேசட்னு நினைச்சுக்குவாங்கப்பா, சரியா சொல்லுங்க" என்கிறாள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு விளையாட்டு. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் வாயில் அதைச் செருகினால் டிவியில் விளையாட்டு வரும். அவ்வளவுதான். இதற்காகத்தான் நீயும் நானும் இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தோம்.

நான் பழைய பேப்பர் லோரி ஓட்டியவன். ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா" என்று மலாயில் பழைய பேப்பர் கேட்கும் குரலை ஓட விட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். நீ பிரிக்பீல்ட்ஸில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிராணி. சுற்றுவட்டாரம் முழுக்க உன்னைக் கிராணி என்றுதான் கூப்பிட்டது. கணக்கு எழுதுகிறவன், மனு எழுதிக் கொடுக்கிறவன், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு நாள் உன் வீட்டிலிருந்து பழைய பேப்பர்க் கட்டோடு வெளியே வந்த நீ, என் லோரியின் பின்னால் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றாய்.

"இது என்னாய்யா?"

"தெரியாது பாஸ். டைப் அடிக்கிற மெஷின் மாதிரி இருக்கு. ஆனா பேப்பர் சொருக இடமே இல்ல."

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்யா இது. டிவில மாட்டினா கேம் ஆடலாம். உள்ள வா, காட்டுறேன்."

அழுக்குச் சட்டையோடு உள்ளே வரச் சொன்ன முதல் கிராணி நீதான். அதை மறுக்க மாட்டேன். அன்று மத்தியானம் முழுக்க லோரி வெயிலில் கிடந்தது. திரையில் ஒரு சின்ன வண்டி, பள்ளங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. நீ மூன்றாவது பள்ளத்தில் விழுந்தாய். நான் பதினெட்டாவதில் விழுந்தேன். நீ பேனாக்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி ஆடினாய். மறுபடியும் தோற்றாய். அந்தத் திரைக்கு முன்னால் உன் படிப்பு உனக்கு உதவவில்லை. என் படிக்காமை என்னைத் தடுக்கவும் இல்லை. வேறு எங்கேயும் எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தேன்.

பிறகு தேடித் தேடிச் சேர்த்தோம். தேடியது நான். சுங்கை பூலோவில் ஒரு வீட்டின் முயல் கூண்டுக்கு அடியில் நான்கு. ஜெஞ்சாரோமில் ஒரு சீனக் கிழவி அரிசிப் பீப்பாயில் போட்டு மூடி வைத்திருந்த ஆறு. கம்போங் மேடானில் என் பிளாட்டுக்கு எதிரிலேயே, குப்பைத் தொட்டியின் மேல், மழையில் நனைந்துகொண்டு ஒன்று. என் பிளாட்டில் கூரை ஒழுகியதால் எல்லாவற்றையும் உன் வீட்டில்தான் வைத்தோம். நான் திறப்பேன், பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன், பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். பள்ளிக்கூடத்துப் பொருள்களில் எனக்குக் கைவந்தது அந்த ரப்பர் ஒன்றுதான். நீ பக்கத்தில் உட்கார்ந்து மேலே ஒட்டியிருக்கும் பேரை வாசித்துச் சொல்வாய். கடைசி எழுத்தை இழுத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி.

நீ ஒருமுறை சொன்னால் போதும். எந்தக் கேசட்டில் எந்தத் திருகு தேய்ந்திருக்கிறது, எதன் மூலையில் பல் பட்ட தடம் இருக்கிறது, எது கையில் கொஞ்சம் கனக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தடத்தோடு உன் வாயில் வந்த பேரையும் சேர்த்து வைத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். உன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை வித்தை மாதிரிக் காட்டுவாய். "மச்சான் மண்ட, கம்ப்யூட்டர விடப் பெருசு லா!"

ஒரே ஒரு கேசட்டில் ஜப்பான் எழுத்து. திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாய். "இது எனக்கும் தெரியாது மச்சான். இந்த ஒண்ணுல நீயும் நானும் ஒண்ணுதான்" என்றாய். கூடை சுமக்கும் ஒரு தவளை உள்ளே ஓடும். தவளைக்காரன் என்று நாமே பேர் வைத்தோம். அன்றைக்கு உன்னை என் கூடப்பிறந்தவன் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்புறம் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி. நம் கேசட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு எடுத்த சட்டையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு வந்தேன். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக் கார்டு.

"என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கு மச்சான். உன் பேருதான் முதல்ல."

"எங்க, எது என் பேரு?"

என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, முதல் வரியின் மேல் வைத்தாய். "இதான். அப்படியே நில்லு, போட்டோ எடுக்கிறேன்." நின்றேன். பல் தெரியச் சிரித்தேன். விரல் உன் பேரின் மேல் இருந்தது.

அது தெரிய எனக்கு ஆறு வருஷம் ஆனது.

நீ போன அன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பார்க்கிறவர்கள் வெட்கப்படும்படி அழுதேன். தோள் கொடுத்தேன். முட்டி வலித்தும் கடைசிவரை இறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் சம்சாரம் இரண்டு பெரிய பிஸ்கட் டின்னையும் அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது. நான் இப்போது மகளோடு கிள்ளானில் இருக்கிறேன், அவ்வளவு தூரம் வாடகைக் கார் பிடித்து வந்தது.

"அண்ணே, மறுபடியும் கண்காட்சி வைக்கிறாங்களாம். கேட்டு வந்தாங்க. ஆனா எது எதுன்னு தெரியல. எல்லாப் பேரும் உதிர்ந்து போச்சு. நீங்கதான் சொல்லணும்."

டின்னைத் திறந்தேன். மொட்டை மொட்டையாக முப்பத்தெட்டு கேசட். நீ அழகாக இருக்க வேண்டும் என்று பேர் போட்ட பழைய படத்தின் மேலேயே ஆபீசில் அச்சடித்த வெள்ளைத் தாளை ஒட்டினாய் அல்லவா? வேண்டாம் என்றேன். கேட்டாயா? வெயிலில் பசை காய்ந்து, உன் தாள் உரிந்து, கூடவே பழைய படத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. டின்னின் அடியில் சருகு மாதிரி கிடந்தன உன் எழுத்துகள்.

அதோடு ஒரு கவர். உள்ளே அந்தப் போட்டோ. ஆறு வருஷமாகக் கேட்டும் எனக்கு ஒரு பிரதி தராத போட்டோ. ஆசையாக மகளிடம் கொடுத்து, "என் பேரு எப்படிப் போட்டிருக்குன்னு வாசிம்மா" என்றேன். அவள் பார்த்தாள். வாசிக்கவில்லை. "சின்ன எழுத்துப்பா, தெரியல" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கலாம். வற்புறுத்தியதும் வாசித்தாள். முதல் வரியில் உன் பேர், உன் சொந்தச் சேகரிப்பு என்று. அதற்குக் கீழே, பாதி அளவு எழுத்தில், சுத்தம் செய்ய உதவியவர் ஒரு லோரிக்காரர் என்று. என் பேரே இல்லை.

உன் சம்சாரத்தைப் பார்த்தேன். "தங்கச்சி, உனக்குத் தெரியுமா?"

அது முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. "தெரியும்ணே. அண்ணன் பேரையும் போடுங்கன்னு சொன்னேன். 'அவனுக்கு என்ன படிக்கவா தெரியும்'னு சொல்லிட்டாரு."

அவனுக்கு என்ன படிக்கவா தெரியும். இதைத்தான் இருபது வருஷமும் உள்ளே வைத்துக்கொண்டு, எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாய். உன் பெட்டிக்குப் பக்கத்தில் அழுத அழுகையைத் திருப்பி வாங்க வழியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன்.

அதைவிடப் பெரிய பயம் மறுநாள் காலை பல் விளக்கும்போது வந்தது. ஒரு கார்டில் பொய் சொன்னவன், மற்றதில் மட்டும் உண்மையா சொல்லியிருப்பான்? இந்தக் கேசட்டுகளின் பேர் எல்லாம் உன் வாயிலிருந்து எனக்கு வந்தவை. நீ விளையாட்டுக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால்? நான் அதைக் கட்டிக் காத்து, விருந்தாளிகள் முன்னால் கண்ணை மூடி ஒப்பிக்க, நீங்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் சிரித்திருந்தால்? என்னிடம் இருப்பது ஞாபகம் ஒன்றுதான். அதில் நீ குப்பையைக் கொட்டியிருந்தால் நான் குப்பைத் தொட்டி.

கம்ப்யூட்டரை மகள் பழைய டிவியில் மாட்டினாள். ஒவ்வொரு கேசட்டாகத் தடவிப் பார்த்து, பேரைச் சொல்லிவிட்டுச் செருகுவேன். திரையில் வருவதை அவள் வாசிப்பாள். முதல் கேசட், மூலையில் பல் தடம். "மூன் டிராக்டர்" என்றேன். திரை வரும்வரை கேசட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. "மூன் டிராக்டர்தான்பா" என்றாள். மூன்று நாள் இப்படியே. தவளைக்காரனை விட்டால் முப்பத்தேழு. இன்று காலை திறந்த இதுதான் கடைசி. உன் எச்சிலைத் துடைத்து, ரப்பர் போட்டுத் தேய்த்து, செருகினோம். இதுவும் நீ சொன்ன பேர்தான்.

முப்பத்தேழும் சரி. ஒன்றில்கூட நீ பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரேயடியாக உன்னை வெறுத்துத் தலைமுழுகியிருப்பேன். முப்பத்தேழு தடவை உண்மையை வாசித்த வாய்க்கு, என் பேர் இருக்க வேண்டிய அந்த ஒரு வரியில் என்னடா வந்தது? உன்னிடம் இல்லாத எதை நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்தாய்? கேட்க ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

புதுக் கார்டை மகளை எழுதச் சொன்னேன். கண்டெடுத்தவர், துடைத்தவர், பேரை நினைவில் வைத்தவர் என்று என் பேர். ஒவ்வொன்றும் எந்த வீட்டில் கிடைத்தது என்பதும் இருக்கிறது, முயல் கூண்டு, அரிசிப் பீப்பாய் எல்லாம். கடைசி வரி, சின்ன எழுத்தில்: வாசித்துச் சொன்னவர் ஒரு கிராணி.

"அங்கிள் பேரு போடலயாப்பா?"

"அவன் லோரிக்காரர்னு போட்டான்ல. நான் கிராணின்னு போடுறேன். போதும்."

எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கார்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். "எங்கப்பா கொண்டு போறீங்க?" என்றாள். கீழே மாமாக் கடையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடைதான், கல்லாவில் இருந்த பாயிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மகள் வாசித்ததை அப்படியே, ஒரு சொல் மாறாமல் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. யாரு, மகளா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அங்கிள் என்கிட்ட கொண்டு வந்தீங்க? மக மேல நம்பிக்கை இல்லையா லா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் மேலே வந்தபோது அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "சரியா இருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு நீ விட்டுப்போனது இதுதான். முப்பத்தேழு பேர், எல்லாமே உன் குரலில், கடைசி எழுத்தை இழுத்து. விரட்டினாலும் போக மாட்டேன் என்கின்றன. அதோடு, பெற்ற பிள்ளை எழுதியதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்கும் இந்தக் கால்.

இந்த மடலையும் அவள்தான் இப்போது எனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள். பாயிடம் கொண்டுபோகக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். செருப்பு வாசலில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.